வானியல் மென்பொருளில் படம் கெட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டெல்லேரியம், செலஸ்டியா, ஸ்பேஸ் எஞ்சின், கையா ஸ்கை போன்ற மென்பொருட்களில் திரை கறுத்துப்போகும், கோள் வெள்ளை உருண்டையாக நிற்கும், மேகமும் தரையும் ஒன்றுக்குள் ஒன்று துடிக்கும். உடனே மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவத்தான் பலருக்கும் கை போகிறது. பெரும்பாலும் அது வீண்வேலை. நிரல் கோப்புகள் கெடுவது அபூர்வம்; கோளாறு டிரைவரிலோ (கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருள்), படக் கோப்பிலோ, ஏதோ ஓர் அமைப்பிலோ இருக்கும். சில சமயம் கோளாறே இருக்காது, வானம் அப்படித்தான் இருக்கும்.

முதலில் எதைச் சோதிப்பது?

ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதை வேறொரு கணினியிலோ போனிலோ திறந்து பாருங்கள். படத்திலும் கோளாறு இருந்தால் அது கிராஃபிக்ஸ் கார்டு வரைந்தபோதே ஏற்பட்டது: டிரைவர், மென்பொருள், தரவு, கார்டு இவற்றில் ஒன்று. படம் சுத்தமாக இருந்தால் கேபிள், திரை, திரையின் புதுப்பிப்பு வேகம் ஆகியவற்றைப் பாருங்கள். ஒரே விதிவிலக்கு, நகரும்போது படம் குறுக்கே வெட்டுப்பட்டுத் தெரிவது. அது கார்டுக்கும் திரைக்கும் தாளம் தப்புவதால் வருவது, ஸ்கிரீன்ஷாட்டில் சிக்காது. மென்பொருளிலோ டிரைவரின் கட்டுப்பாட்டுப் பலகத்திலோ வி-சிங்க் வசதியை இயக்கினால் போய்விடும்.

பதிவுக் கோப்பில் எந்த வரியைப் பார்க்க வேண்டும்?

ரெண்டரர் என்ற சொல் உள்ள வரியை. படத்தை வரைவது எது என்று சொல்வது அதுதான். பாதி வழக்குகள் அந்த ஒரு வரியிலேயே தீர்ந்துவிடும். ஸ்டெல்லேரியம் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் லாக் என்ற பெயரில் ஓர் உரைக் கோப்பை எழுதுகிறது. விண்டோஸில் அது பயனரின் ஆப்-டேட்டா, ரோமிங் ஃபோல்டருக்குள் ஸ்டெல்லேரியம் என்ற ஃபோல்டரில் இருக்கும். லினக்ஸில் ஹோம் ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் மறைவான ஸ்டெல்லேரியம் ஃபோல்டர். மேக்கில் லைப்ரரிக்குள் அப்ளிகேஷன் சப்போர்ட். செலஸ்டியாவின் விண்டோஸ் பதிப்பில் உதவிப் பட்டியலிலேயே ஓப்பன்ஜிஎல் (மென்பொருள் கார்டிடம் வரையச் சொல்லும் பொதுமுறை) தகவல் கிடைக்கும்.

அந்த வரியில் உங்கள் கார்டின் பெயர் இருந்தால் நல்லது. "ஜிடிஐ ஜெனரிக்" என்றும், பதிப்பு 1.1 என்றும் இருந்தால் விண்டோஸுக்கு உங்கள் கார்டின் ஓப்பன்ஜிஎல் டிரைவர் கிடைக்கவில்லை, தன் பழங்கால மாற்றை வைத்து ஒப்பேற்றுகிறது என்று பொருள். லினக்ஸில் "எல்எல்விஎம்பைப்" என்று இருந்தால் கார்டு சும்மா இருக்கிறது, சிபியு தனியாளாக எல்லாவற்றையும் வரைந்துகொண்டிருக்கிறது.

திரை முழுக்கக் கறுப்பு, அல்லது திறந்தவுடன் மூடிக்கொள்கிறது. ஏன்?

ஸ்டெல்லேரியத்துக்குக் குறைந்தது ஓப்பன்ஜிஎல் 2.1 வேண்டும், 3.3-க்கு மேல் இருந்தால்தான் நிம்மதி. பதிவில் 2.1-ஐவிடக் குறைந்த எண் தெரிந்தால் டிரைவர்தான் பிரச்சினை. டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர் பகுதியைத் திறங்கள். "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்று இருந்தால் கார்டுக்கு டிரைவரே நிறுவப்படவில்லை. கார்டைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து நேரடியாக எடுத்து நிறுவுங்கள். என்விடியா நிறுவியில் "கிளீன் இன்ஸ்டலேஷன்" என்ற தேர்வு உண்டு, அதை டிக் செய்வது நல்லது. பழைய அமைப்புகளின் மிச்சம் புதிய டிரைவரையும் குழப்பும்.

ரிமோட் டெஸ்க்டாப் வழியாக இன்னொரு கணினியில் ஓட்டுகிறீர்களா? டிரைவர் ஒழுங்காக இருந்தாலும் அந்த இணைப்பில் பல நேரம் ஜிடிஐ ஜெனரிக்தான் கிடைக்கும். கணினியின் முன்னால் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு டிரைவரைக் குறை சொல்லுங்கள்.

டிரைவரே கிடைக்காத பழைய கணினிக்கு ஸ்டெல்லேரியத்தில் ஒரு பின்வாசல் இருக்கிறது. விண்டோஸ் ஸ்டார்ட் பட்டியலில் "மெசா மோட்" என்ற தனிக் குறுக்குவழியைப் பாருங்கள். அது முழுக்க சிபியுவிலேயே வரையும். மெதுவாக இருக்கும், ஆனால் சரியாக இருக்கும். க்யூடி 5 என்ற நிரல் தொகுப்பின் அடிப்படையிலான பதிப்புகளில் "ஆங்கிள் மோட்" என்ற இன்னொன்றும் உண்டு. அது ஓப்பன்ஜிஎல் அழைப்புகளை மைக்ரோசாஃப்டின் வரைமுறையான டைரக்ட்3டி-க்கு மொழிபெயர்ப்பதால் வேகம் அவ்வளவாகக் குறையாது. க்யூடி 6 அந்த வசதியைக் கைவிட்டுவிட்டது. மெசா மோடில் படம் சரியாகி, சாதாரண முறையில் மட்டும் கெட்டால் குற்றவாளி டிரைவர் என்பது அநேகமாக உறுதி. வேகம் குறைவு என்று இந்த முறையை ஒதுக்கிவிடாதீர்கள், நோயறியும் கருவியாக இதைவிட நல்லது இல்லை.

மேக்கில் ஆப்பிள் 2018-ல் வந்த 10.14 பதிப்போடு ஓப்பன்ஜிஎல்லைக் கைவிடப்போவதாக அறிவித்துவிட்டது. அங்கே 4.1-க்கு மேல் கிடைக்காது. 4.3 கேட்கும் மென்பொருளை மேக்கில் நேரடியாக ஓட்ட வழியில்லை, எந்த அமைப்பைத் திருகினாலும்.

மடிக்கணினியில் நல்ல கார்டு இருக்கிறது. ஆனாலும் படம் திணறுகிறது, சில விளைவுகள் காணோம்.

இரண்டு கிராஃபிக்ஸ் சிப் உள்ள மடிக்கணினி பேட்டரியை மிச்சம் பிடிக்க வலுக்குறைந்ததையே முதலில் எடுத்துக்கொள்ளும். ரெண்டரர் வரியில் எந்தப் பெயர் என்று பாருங்கள். விண்டோஸில் அமைப்புகள், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் என்று போய், மென்பொருளின் இயங்கு கோப்பைச் சேர்த்து "ஹை பெர்ஃபார்மன்ஸ்" தேர்ந்தெடுங்கள். லினக்ஸில் மெசா என்ற திறந்த மூல டிரைவர் என்றால் டிஆர்ஐ_பிரைம் என்ற சூழல் மாறிக்கு 1 என்று கொடுத்துத் தொடங்குங்கள். மாறியின் பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். மாற்றிய பிறகு பதிவைத் திரும்பப் பார்க்காமல் விடாதீர்கள். அமைப்பு மாறியதாகக் காட்டிவிட்டு மென்பொருள் பழைய சிப்பிலேயே ஓடுவது உண்டு, குறிப்பாகக் குறுக்குவழி வேறொரு இயங்கு கோப்பைச் சுட்டும்போது.

கோள் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கிறது. மேற்பரப்புப் படம் வரவில்லை.

டெக்ஸ்சர் எனப்படும் மேற்பரப்புப் படம் ஏறவில்லை. காரணங்கள் நான்கைந்துதான்.

கோப்பின் பெயர்: விண்டோஸில் செய்த துணைப்பொதியை (ஆட்-ஆன்) லினக்ஸில் போட்டால் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் வேலையைக் கெடுக்கும். வரையறைக் கோப்பில் சிறிய எழுத்திலும் ஃபோல்டரில் பெரிய எழுத்திலும் இருந்தால் விண்டோஸ் கண்டுகொள்ளாது. லினக்ஸ் கோப்பே இல்லை என்று சொல்லிவிடும்.

ஃபோல்டர்: செலஸ்டியாவில் குறைந்த, நடுத்தர, உயர்ந்த தெளிவுக்கு மூன்று தனி டெக்ஸ்சர் ஃபோல்டர்கள். படத்தை உயர்ந்ததில் மட்டும் போட்டுவிட்டு நடுத்தரத்தில் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆர் விசையை அழுத்தித் தெளிவை மாற்றிப் பாருங்கள். ஷிஃப்ட்டோடு அழுத்தினால் எதிர்த்திசையில் மாறும்.

கோப்பின் வகை: அச்சுக்காகச் செய்த நான்கு மை ஜேபெக், நிறத்துக்கு 16 பிட் உள்ள பிஎன்ஜி, இவற்றில் பல மென்பொருட்கள் தடுக்கிவிழும். ஜிம்ப் போன்ற பட எடிட்டர் ஒன்றில் திறந்து, நிறத்துக்கு 8 பிட் ஆர்ஜிபி-யாகச் சேமித்தால் சரியாகும். பக்க அளவுகள் 2048, 4096, 8192 என்று இரண்டின் அடுக்குகளாக இருப்பது பழைய கார்டுகளில் கட்டாயம், புதியவற்றில் நல்ல பழக்கம்.

கார்டின் வரம்பு: ஒவ்வொரு கார்டும் ஏற்கும் அதிகபட்ச டெக்ஸ்சர் அகலம் உண்டு. இன்றைய பலவற்றில் அது 16384 புள்ளிகள், பழைய உள்ளமைந்த சிப்களில் 8192 அல்லது 4096. அதைத் தாண்டினால் பிழைச்செய்தி வராமலே வெள்ளைக் கோளம் வரும். ஸ்டெல்லேரியத்தின் நிலக்காட்சி வெள்ளையாகத் தெரிவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். 8192-க்கு 4096 அளவுள்ள நிலக்காட்சிப் படத்தை 4096-க்கு 2048 ஆகச் சுருக்கிப் போட்டுப் பாருங்கள்.

படக் கோப்பு 20 எம்பி-தான். அதற்குப் போய் மெமரி போதாது என்கிறதே?

ஜேபெக் வட்டில் மட்டுமே சிறியது. கார்டுக்குள் போகும்போது முழுதாக விரியும். 16384-க்கு 8192 புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட் என்றால் 512 எம்பி. தூரத்திலிருந்து பார்க்கும்போது பயன்படும் சிறு பிரதிகளையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கு கூடி 683 எம்பி. பூமிக்குப் பகல் படம், இரவு விளக்குகள், மேகம், மேடுபள்ளம் என்று நான்கு படங்களை இந்த அளவில் போட்டால் 2.7 ஜிபி போய்விடும். அதுவும் ஒரே கோளுக்கு. கார்டின் மெமரி நிரம்பினால் முதலில் திக்கித் திக்கி ஓடும், பிறகு டெக்ஸ்சர்கள் கறுக்கும் அல்லது கலங்கும்.

வழி, டிடிஎஸ் என்ற படக் கோப்பு வகைக்கு மாற்றுவது. டிஎக்ஸ்டி1 சுருக்கம் கார்டுக்குள்ளும் சுருங்கியே இருக்கும், அதே படம் 64 எம்பி. ஒளிபுகும் தன்மை வேண்டிய மேகத்துக்கு டிஎக்ஸ்டி5. அது 128 எம்பி. விலையும் உண்டு. இந்தச் சுருக்கம் 4-க்கு 4 புள்ளிகள் கொண்ட கட்டங்களாக வேலை செய்வதால் வியாழனின் மென்மையான நிறமாற்றங்களில் கட்டம் கட்டமாகத் தெரியலாம். மேடுபள்ளப் படத்தை மட்டும் டிஎக்ஸ்டி1-இல் போடாதீர்கள், நிலவின் தரை கட்டம் போட்ட துணி மாதிரி ஆகிவிடும்.

இன்னும் பெரிய படம் வேண்டுமென்றால் செலஸ்டியாவின் துண்டு டெக்ஸ்சர் முறை இருக்கிறது. முதல் நிலையில் 2 துண்டு, அடுத்ததில் 8, அதற்கடுத்ததில் 32 என்று நிலைக்கு நான்கு மடங்காகப் போகும், தேவைப்பட்டது மட்டும் ஏறும். ஏதோ ஓர் இடத்தில் மட்டும் படம் மங்கலான சதுரமாகத் தெரிந்தால், அந்த நிலையின் அந்தத் துண்டுக் கோப்பு விடுபட்டிருக்கிறது.

கோளின் மேல் துருவத்திலிருந்து துருவம் வரை ஒரு மெல்லிய கோடு.

படத்தின் இடது ஓரமும் வலது ஓரமும் சந்திக்கும் தையல் அது. படத்தை ஜிம்ப்பில் திறந்து, அகலத்தில் பாதி நகர்த்துங்கள். 8192 அகலம் என்றால் 4096 புள்ளி. ஓரங்கள் நடுவுக்கு வந்துவிடும். அங்கே நிறமாற்றம் கண்ணில் பட்டால் குற்றம் படத்தினுடையது. அந்த இடத்தை ஒட்டுப்போட்டு, மறுபடி பாதி நகர்த்திச் சேமியுங்கள்.

படத்தில் தையல் தெரியவில்லை, கோளில் மட்டும் தெரிகிறது என்றால் குற்றம் ஷேடருடையது (புள்ளிகளின் நிறத்தைக் கணக்கிட கார்டில் ஓடும் சிறு நிரல்). அந்த இடத்தில் டெக்ஸ்சரின் ஆயம் (படத்தின் குறுக்கே எங்கே என்று சொல்லும் எண்) 1-க்கு அருகிலிருந்து 0-க்குத் தாவுகிறது. ஒரே புள்ளிக்குள் முழுப் படமும் அடங்கியிருப்பதாக கார்டு கணக்குப்போட்டு, மிகச் சிறிய பிரதியை எடுத்துவந்து ஒரு புள்ளி அகலத்துக்குப் பூசுகிறது. பயனர் இதைச் சரிசெய்ய முடியாது, மென்பொருளை எழுதுபவர்கள்தான் செய்ய வேண்டும்.

கண்டங்கள் எதிர்ப்பக்கத்தில் இருந்தால் அது வேறு. படத்தின் தீர்க்கரேகை 0 முதல் 360 பாகை என்ற வரிசையில் இருக்கிறது, மென்பொருள் −180 முதல் 180 எதிர்பார்க்கிறது. மேலே சொன்ன அதே பாதி நகர்த்தல் போதும்.

நிலவின் பள்ளங்கள் எல்லாம் மேடாகத் தெரிகின்றன.

முதலில் சூரியன் எந்தப் பக்கம் என்று பாருங்கள். ஒளி கீழிருந்து வந்தால் மனிதக் கண்ணே பள்ளத்தை மேடாகப் படித்துவிடும். காட்சியைத் தலைகீழாகத் திருப்பினால் பள்ளமாகிவிட்டால் கோளாறு ஏதுமில்லை. திருப்பியும் நிழல் தவறான பக்கத்தில் விழுந்தால், அந்த மேடுபள்ளப் படம் டைரக்ட்3டி மரபில் செய்யப்பட்டது. பச்சை நிறச் சேனலை மட்டும் எதிர்மறையாக்கிச் சேமியுங்கள்.

மேகமும் தரையும் ஒன்றுக்குள் ஒன்று துடிக்கின்றன. வளையமும் அப்படியே.

எது முன்னால், எது பின்னால் என்பதை கார்டு டெப்த் பஃபர் என்ற ஆழக் கணக்கில் எழுதிவைக்கிறது. அதற்கு வழக்கமாக 24 பிட். அதில் உள்ள படிகள் தூரம் முழுக்கச் சமமாகப் பரவுவதில்லை. பெரும்பகுதி கண்ணுக்கு மிக அருகிலேயே செலவாகிவிடும். தோராயக் கணக்கு இது: தூரத்தின் வர்க்கத்தை, மிக அருகில் வரையப்படும் எல்லையின் தூரத்தாலும் 2-இன் 24-ஆம் அடுக்காலும் வகுத்தால் அந்தத் தூரத்தில் ஒரு படியின் உயரம் கிடைக்கும்.

அருகு எல்லை 1 கிலோமீட்டர், பூமி 10,000 கிலோமீட்டரில் இருக்கிறது என்று வையுங்கள். ஒரு படி ஏறத்தாழ 6 கிலோமீட்டர் வருகிறது. மேகப் படலம் தரைக்கு மேலே 7 கிலோமீட்டர். இரண்டும் ஒரே படியிலோ அடுத்தடுத்த படியிலோ விழுகின்றன. கேமரா இம்மி அசைந்தாலும் யார் முன்னால் என்பது மாறுகிறது. அதுதான் துடிப்பு. இரண்டு மடங்கு தூரம் போனால் படி 24 கிலோமீட்டர், நிலைமை இன்னும் மோசம். அதே 20,000 கிலோமீட்டரில் அருகு எல்லையை 100 கிலோமீட்டராகத் தள்ளிவிட்டால் படி கால் கிலோமீட்டருக்கும் குறைவு. துடிப்பு நின்றுவிடும்.

ஆகவே கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு விண்கல மாதிரி இருக்கும்போது மட்டும் பின்னால் உள்ள கோள் துடிக்கிறதென்றால் வியப்பில்லை. கலத்தை வரைவதற்காக அருகு எல்லை சில மீட்டருக்கு இழுக்கப்பட்டு, கோளுக்குப் படிகளே மிஞ்சவில்லை. இதைச் சமாளிக்கத்தான் செலஸ்டியா காட்சியைத் தூர வாரியாகத் துண்டுபோட்டு ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு வைக்கிறது. கையா ஸ்கை மடக்கை அளவில் ஆழத்தை எழுதுகிறது.

பயனர் செய்யக்கூடியவை: துணைப்பொதியின் வரையறைக் கோப்பில் மேகத்தின் உயரம் 1, 2 கிலோமீட்டர் என்று இருந்தால் 7-க்கு உயர்த்துங்கள். ஒரே கோளுக்கு இரண்டு துணைப்பொதிகள் ஒரே அளவில் இரண்டு உருண்டைகளை வரைகின்றனவா என்று பாருங்கள். இது மிகப் பரவலான காரணம், எல்லோரும் கடைசியில்தான் பார்ப்பார்கள். டிரைவர் பலகத்தில் ஆழத்தை 16 பிட்டாக்கும் பழைய தேர்வு இருந்தால் விடுவியுங்கள்.

நெப்டியூன் பக்கத்தில் விண்கலம் நடுங்குகிறது. பூமியருகே அப்படியில்லை.

எண்களின் துல்லியம் தீர்ந்துபோவதால் வரும் நடுக்கம். கிராஃபிக்ஸ் கார்டு பொதுவாக 32 பிட் மிதவைப்புள்ளி எண்ணில் கணக்கிடும்; அதில் ஏறத்தாழ 7 தசம இலக்கம்தான் நிற்கும். சூரியனை மையமாக வைத்து மீட்டரில் எழுதினால் பூமியின் தூரத்தில், அதாவது 14.96 கோடி கிலோமீட்டரில், அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையிலான இடைவெளி 16 கிலோமீட்டர். நெப்டியூன் தூரத்தில் அது 524 கிலோமீட்டர். பத்து மீட்டர் நீளக் கலத்தின் மூக்கும் வாலும் எப்படி அதனதன் இடத்தில் நிற்கும்? கிலோமீட்டரிலோ வானியல் அலகிலோ எழுதினாலும் கதை மாறாது, இலக்கங்கள் அதேதான்.

64 பிட்டில் பூமியின் தூரத்தில் இடைவெளி மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு, நெப்டியூனில் ஒரு மில்லிமீட்டர், ஓர் ஒளியாண்டில் 2 மீட்டர். அதனால் நல்ல மென்பொருட்கள் நிலைகளைச் சிபியுவில் 64 பிட்டில் வைத்து, கேமராவின் இடத்தைக் கழித்த பிறகே மிச்சமுள்ள சிறிய எண்ணைக் கார்டுக்கு அனுப்புகின்றன. செலஸ்டியா இன்னும் ஒரு படி மேலே போய், 128 பிட் நிலைப்புள்ளி எண்ணில் பிரபஞ்ச ஆயங்களை வைத்திருக்கிறது.

மென்பொருள் இதைச் செய்தும் நடுக்கம் வந்தால் பிழை பெரும்பாலும் துணைப்பொதியில். கலத்தை அருகிலுள்ள கோளோடு இணைக்காமல் சூரியனோடு இணைத்திருப்பார்கள். வரையறையில் தாய்ப்பொருளை மாற்றுங்கள். அல்லது 3டி மாதிரியின் முனைகள் மையத்திலிருந்து பல்லாயிரம் அலகு தள்ளி இருக்கும். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் திறந்து மையத்தைப் பொருளின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

கோள் தன் பாதைக் கோட்டின் மேல் இல்லை, கொஞ்சம் தள்ளி நிற்கிறது.

பாதை என்று தெரிவது வளைகோடு அல்ல, நேர்த்துண்டுகளின் வரிசை. பூமியின் பாதையை 100 துண்டுகளில் வரைந்தால் ஒவ்வொரு துண்டின் நடுவும் உண்மைப் பாதையிலிருந்து 74,000 கிலோமீட்டர் உள்வாங்கி நிற்கும். ஆறு பூமிகளை வரிசையாக வைக்கும் இடைவெளி. அருகே போய்ப் பார்ப்பவருக்குக் கோள் பாதை தவறியதாகத் தெரிவது இயல்பு. செலஸ்டியாவின் அமைப்புக் கோப்பில் பாதைப் புள்ளிகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரி உண்டு. பத்து மடங்காக்கினால் விலகல் நூறில் ஒரு பங்காகும்.

சனியின் வளையத்தில் பொடிப்பொடியாக மினுக்கம், கோடுகள் படிக்கட்டாக இருக்கின்றன.

டிரைவர் பலகத்தில் அனிசோட்ரோபிக் வடிகட்டலை 16 மடங்கு வையுங்கள், வளையத்தின் மினுக்கம் பெரிதும் அடங்கும். கோடுகளுக்கு ஆன்ட்டி-அலையாசிங் 4 மடங்கு போதும். செலஸ்டியாவில் கண்ட்ரோல், எக்ஸ் சேர்த்து அழுத்தினால் கோடுகள் மட்டும் மென்மையாகும்.

அந்தி வானத்தில் நிறம் பட்டை பட்டையாகப் பிரிகிறது.

நிறத்துக்கு 8 பிட் என்றால் 256 படிகள். இருண்ட வானத்தில் அதில் இருபது முப்பது படிதான் பயன்படுகிறது, அது திரை முழுக்க இழுபடுகிறது. ஸ்டெல்லேரியத்தின் அமைப்பு சாளரத்தில் டிதரிங் என்ற தேர்வு உண்டு. உங்கள் திரையின் பிட் அளவுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுத்தால், நுண்ணிய புள்ளிகளைத் தூவிப் பட்டைகளை மறைக்கும்.

கோளாறு மாதிரி தெரிந்தும் கோளாறு இல்லாதவை எவை?

எல்லாம் சிவப்பாகிவிட்டால் ஸ்டெல்லேரியத்தின் இரவு முறை இயங்குகிறது, கண்ட்ரோல், என். கைதவறி அழுத்திவிட்டு டிரைவர் மாற்றக் கிளம்புகிறவர்கள் உண்டு. வானம் கண்ணாடிப் பிம்பமாகத் தெரிந்தால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எச். தொலைநோக்கிக்கு ஏற்பப் புரட்டும் வசதி அது. பாதி வானத்தை மண் மறைத்தால் ஜி விசை, பகலில் விண்மீன் இல்லையென்றால் ஏ விசை. விண்மீன்கள் துடித்தால் அது காற்று மண்டலத்தைப் போலச் செய்யும் மினுமினுப்பு. காட்சி அமைப்பில் பூஜ்ஜியமாக்கலாம். நிலவு அநியாயத்துக்குப் பெரிதாக இருந்தால் "நிலவைப் பெரிதாக்கு" என்ற தேர்வு இயங்குகிறது, அதன் இயல்பு மதிப்பே 4 மடங்கு.

சனி நசுங்கியிருக்கிறது என்ற புகாருக்குப் பதில்: ஆமாம், நசுங்கித்தான் இருக்கிறது. நடுக்கோட்டு ஆரம் 60,268 கிலோமீட்டர், துருவ ஆரம் 54,364. பத்தில் ஒரு பங்கு வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். வியாழனும் 71,492-க்கு 66,854. பிற கோள்களும் முட்டையாகத் தெரிந்தால்தான் திரைத் தெளிவு அமைப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

சனியின் வளையமே காணாமல் போனதா? மென்பொருளின் தேதியைப் பாருங்கள். 2025 மார்ச் 23 அன்று பூமி வளையத் தளத்தைக் கடந்தது; அப்போது வளையம் வெறும் கோடு. மே 6 வரை ஒளிபடாத பக்கமே நமக்குத் தெரிந்தது. அந்த நாட்களில் வளையத்தைப் பிரகாசமாகக் காட்டும் மென்பொருளைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

தமிழ்ப் பெயர்கள் கட்டங்களாக வருகின்றன. சிலவற்றில் கொம்பு இடம்மாறி நிற்கிறது.

இரண்டும் வேறு வேறு நோய். கட்டம் வந்தால் எழுத்துருவில் அந்த எழுத்து இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றை நிறுவித் தேர்ந்தெடுத்தால் தீரும். கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் நின்றால் எழுத்துரு நன்றாகத்தான் இருக்கிறது, எழுத்துகளைக் கோக்கும் வேலையை மென்பொருள் செய்யவில்லை. எந்த எழுத்துருவை மாற்றினாலும் பயனில்லை. செலஸ்டியா 1.6 எழுத்துகளையே படமாக வைத்திருக்கும் பழைய முறையைப் பயன்படுத்துவதால் அதில் தமிழ்ப் பெயர் எதிர்பார்க்க முடியாது.

காட்சி சாளரத்தின் கால்பகுதியில் மட்டும் வருகிறது.

திரையின் அளவுப் பெருக்கம் 200 சதவீதமாக இருந்து, மென்பொருள் அதை அறியாமல் பாதி அகலம், பாதி உயரத்துக்கு வரைகிறது. வெவ்வேறு பெருக்கமுள்ள இரண்டு திரைகளுக்கு இடையே சாளரத்தை இழுத்தாலும் இப்படி ஆகும். இயங்கு கோப்பின் பண்புகளில் கம்பாட்டிபிலிட்டி தாவலுக்குப் போய், உயர் டிபிஐ அமைப்பில் "அப்ளிகேஷன்" என்று மாற்றிவிட்டு மறுபடி திறங்கள்.

கணினியைத் தூங்கவைத்து எழுப்பினால் டெக்ஸ்சர்கள் குப்பையாகிவிடுகின்றன.

தூங்கும்போது கார்டின் மெமரி அழிந்துவிட்டது. மென்பொருளை மூடித் திறந்தால் போதும். லினக்ஸில் என்விடியா டிரைவரோடு அடிக்கடி வந்தால், மெமரியைப் பாதுகாக்கும் அளவுருவை டிரைவரின் கர்னல் கூறில் இயக்கி, கூடவே வரும் உறக்கச் சேவைகளையும் இயக்க வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் வேலைசெய்யாது.

டிரைவரைப் புதுப்பித்த மறுநாளிலிருந்து காற்று மண்டலம் கறுப்பு.

பதிவில் ஷேடர் தொகுப்புப் பிழை இருக்கிறதா பாருங்கள். இருந்தால், புதிய டிரைவர் முன்பு கண்டுகொள்ளாமல் விட்ட ஒரு தவறான வரியை இப்போது மறுக்கிறது. முந்தைய டிரைவருக்குத் திரும்புங்கள், மென்பொருளின் புதிய பதிப்பு வரும்வரை. பிழை இல்லையென்றால் பழைய ஷேடர் சேமிப்பை அழியுங்கள். லினக்ஸில் மெசாவுக்கு ஹோம் ஃபோல்டரின் கேஷ் பகுதிக்குள் அதற்கென ஓர் ஃபோல்டர். விண்டோஸில் என்விடியாவுக்கு லோக்கல் ஆப்-டேட்டாவில் ஜிஎல்கேஷ். அழித்ததும் முதல் முறை மெதுவாகத் திறக்கும்.

நெபுலாவை நெருங்கினால் திரை ஒரு நொடி அணைந்து, டிரைவர் மீண்டதாகச் செய்தி வருகிறது.

ஒரே வேலையில் கார்டு 2 நொடிக்கு மேல் சிக்கினால் விண்டோஸ் அதைச் செத்ததாகக் கருதி மீட்டமைக்கும். ரெஜிஸ்ட்ரியில் அந்த நேரத்தை நீட்டச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். அது அறிகுறியை மறைக்குமே தவிர, கார்டுக்குத் தாங்காத வேலையைக் குறைக்காது. முப்பரிமாணமாக வரையப்படும் நெபுலாவின் தரத்தையும் திரைத் தெளிவையும் ஒரு படி இறக்குங்கள்.

நிறப் புள்ளிகள், சதுரங்கக் கட்டங்கள் எல்லா மென்பொருளிலும் வருகின்றன.

கணினி தொடங்கும் பயாஸ் திரையிலும் வந்தால் கார்டோ அதன் மெமரியோ பழுது. பத்து நிமிடம் ஓடிய பிறகே வந்தால் வெப்பம்: விசிறி, தூசி, காய்ந்துபோன வெப்பப் பசை. ஓவர்கிளாக் செய்திருந்தால், அதாவது கார்டை இயல்பைவிட வேகமாக ஓடவிட்டிருந்தால், வேறெதற்கும் முன்பு அதை நீக்குங்கள்.

எதுவும் பலிக்கவில்லை. உருவாக்குநர்களுக்கு எழுதும்போது என்ன கொடுக்க வேண்டும்?

முழுப் பதிவுக் கோப்பு. வெட்டி ஒட்டிய நான்கு வரி அல்ல. மென்பொருள், டிரைவர் இரண்டின் பதிப்பு எண்கள். ஸ்கிரீன்ஷாட். காட்சியின் தேதி, நேரம், இடம், பார்க்கும் பொருள், பார்வைக் கோணம்: இந்த ஐந்தும் இருந்தால்தான் அவர்கள் அதே காட்சியைத் தங்கள் கணினியில் எழுப்ப முடியும். அமைப்புக் கோப்பின் பெயரை மாற்றிவைத்து, துணைப்பொதிகளையும் எடுத்துவிட்டு, புத்தம் புதிதாகத் திறந்தபோதும் கோளாறு வந்ததா என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். மெசா மோடில் எப்படி இருந்தது என்பதை இரண்டாவது வரியில்.